சேர்க்கோன் மணியும் கண்டங்களின் வயதும்

பழைய ஏட்டுச் சுவடியொன்று கைக்கு வந்தால் அதன் காலத்தை அறியவேண்டும் என்னும் அவா எவர்க்கும் எழும். ஆனால் நாம் அறிய விரும்புவது எந்தக் காலத்தை? ஓலை எழுதப்பட்ட காலம் ஒன்று. அவ்வோலையிலுள்ள நூல் இயற்றப்பட்ட காலம் பிறிதொன்று. நம் நாட்டு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் செல்லுக்கும் ஈடுகொடுத்து ஓர் ஓலை சில நூற்றாண்டுக்கு மேல் நிலைப்பது அரிது. ஆதலின் படியெடுத்துப் படியெடுத்தே நம் முன்னோர் நூல்களைக் காத்துத் தந்தனர். சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அவர்கள் ஒப்புநோக்கிய ஏடுகளின் வயது வேறு, கலித்தொகையின் வயது வேறு என்பது இக்கல்லூரியில் இலக்கியம் பயின்ற எவர்க்கும் தெரிந்ததே. ஏட்டின் வயதையே நூலின் வயதாகக் கொள்பவர் ஆயிரம் ஆண்டுக்கு மேலும் வழுவிவிடுவர்.

நாம் நிற்கும் நிலத்தின் வரலாற்றை ஆராயும் புவிச்சரிதவியலார்க்கும் இதே இடர்ப்பாடு உண்டு. ஒரு பாறை உருகி மீண்டும் இறுகுமாயின் அது புதிய ஏடு. அதிலுள்ள பொருளோ மிகப் பழைய நூலாக இருத்தல் கூடும். ஏட்டின் காலத்தையும் நூலின் காலத்தையும் ஒருங்கே பொறித்து வைத்திருக்கும் சான்று ஒன்று கிடைத்தாலன்றி இச்சிக்கல் அவிழாது. அத்தகைய சான்று உண்டு. மணலுள் மணலாய்க் கிடக்கும் சேர்க்கோன் என்னும் சிறு மணியே அது. தமிழாசிரியன் பாறைநூலிற் புகுவது ஏன் என்று மலர்க்குழுவினர் வினவவில்லை. வினவியிருப்பின், சுவடியாராய்ச்சியும் இம்மணியாராய்ச்சியும் ஒரே தருக்கத்தின்மேல் நடப்பன என்பதே என் விடையாகும்.

முதலில் ஆராயப்படும் பொருளைச் சிறிது விளக்குதல் வேண்டும். புவியின் ஓடு இருவகைப்பட்டது. சமுத்திரங்களின் அடியிலுள்ளது ஒருவகை. அது ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் தடிப்புள்ளது. பசால்ட்டு என்னும் கனத்த கரும்பாறையால் ஆயது. நடுச்சமுத்திர மலைத்தொடர்களிற் பிறந்து, ஆழ்கடல் அகழிகளில் மீண்டும் புவியின் உள்ளே புதைந்து மறைவது அதன் இயல்பு. ஆதலின் இன்றுள்ள சமுத்திரத் தரையிற் பெரும்பகுதி 20 கோடி ஆண்டுக்கு இளையது. மற்றது கண்ட ஓடு. அது சராசரி 35 முதல் 40 கிலோமீற்றர் வரை தடித்தது. கருங்கல் முதலிய இலேசான பாறைகள் மிக்கது. மிதப்பது, எளிதில் மூழ்காதது. கனடாவின் வடமேற்கிலுள்ள அக்காஸ்தா என்னுமிடத்து நைசுப் பாறை 400 கோடி ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட வயதுடையது. புவியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு.

ஓட்டுக்குக் கீழே 2,900 கிலோமீற்றர் ஆழம் வரை பரந்திருப்பது மென்மூடி. கண்ட ஓட்டின் பொருள் முழுவதும் அம்மென்மூடியிலிருந்தே வந்தது. மென்மூடி சிறிது உருகக் கரும்பாறைக் குழம்பு பிறக்கும். அது நீரோடு கூடி மீண்டும் உருகக் கருங்கல் வகைப் பாறைகள் பிறக்கும். பின்னர் அவையும் புதைந்து, வெந்து, உருகி, வேறு பாறைகளாகும். மென்மூடியை விட்டுப் பொருள் பிரிந்த நாளே நூல் இயற்றப்பட்ட நாள். அதன்பின் நிகழ்ந்த உருகல் ஒவ்வொன்றும் ஒரு படியெடுப்பு. கண்டங்கள் யாவும் புவி பிறந்த சில கோடி ஆண்டுகளுள்ளேயே உண்டாகி அன்று தொட்டு உருமாறிக்கொண்டு மாத்திரம் இருக்கின்றனவா, அன்றிச் சிறிது சிறிதாக வளர்ந்து இன்றைய அளவை அடைந்தனவா என்பதே வினா. பாறைகளின் வயதை மட்டும் கணக்கிட்டு இவ்வினாவுக்கு விடை காண்பது, நூலகத்து ஏடுகளின் வயதைக் கணக்கிட்டுத் தமிழிலக்கிய வரலாறு எழுதுவது போன்றதாகும்.

இனி மணிக்கு வருவோம். சேர்க்கோன் என்பது சேர்க்கோனியம், சிலிக்கன், ஒட்சிசன் என்னும் மூன்று மூலகங்களாலான பளிங்கு. நமக்கு இது அந்நியமானதன்று. இரத்தினபுரிப் பக்கத்து இல்லக்கற்களிலும், புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலிலும் இது கிடைக்கின்றது. நிறமற்ற சேர்க்கோனைத் தீட்டி ‘மாத்தறை வைரம்’ என்னும் பெயரால் விற்றனர். செந்நிறச் சேர்க்கோனைக் கோமேதகத்தோடு மயங்குவாரும் உளர். ஜேர்மானிய இரசாயன அறிஞர் மார்ட்டின் கிளாப்புரோத்து என்பார் 1789 இல் இலங்கையிலிருந்து சென்ற இம்மணியொன்றைப் பகுத்தாராய்ந்தே சேர்க்கோனியம் என்னும் புதிய மூலகம் உண்டென அறிவித்தார். அதே ஆண்டில், வேறொரு கனிப்பொருளை ஆராய்ந்து யுரேனியத்தைக் கண்டறிந்தவரும் அவரே. இவ்விரு மூலகங்களும் ஒரே பளிங்கினுட் சேர்ந்திருந்து காலத்தைக் கணித்துக்கொண்டிருக்கின்றன என்பதை அவர் அறிந்திலர். அதனை அறிவதற்கு உலகம் இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்கவேண்டியிருந்தது.

சேர்க்கோன் வன்மை மிக்கது. பாறை கரைந்து மண்ணாயினும் இது கரையாது. ஆற்றோடு உருண்டாலும் அழியாது. பாறை வெந்து உருமாறும்போதும் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும். பல வேளைகளிற் பழைய மணியின்மேற் புதிய பளிங்குப் படை ஒன்று வளர்ந்து மூடும். நெருக்கி அறுத்துப் பார்த்தால் மரத்தின் ஆண்டு வளையம்போல வளையங்கள் தோன்றும். இதனைக் காலமானியாக்கும் பண்பு மற்றொன்று. பளிங்கு உருவாகும்போது சேர்க்கோனிய அணுக்களின் இடத்திற் சில யுரேனிய அணுக்களும் புகுந்துகொள்ளும். ஈயத்தின் அணுவுக்கோ அங்கு இடங்கிடையாது. எனவே பிறந்த பொழுதில் மணியினுள் யுரேனியம் உண்டு, ஈயம் இல்லை. யுரேனியம் கதிர்த்தொழிற்பாட்டினால் தேய்ந்து தேய்ந்து ஈயமாகின்றது. ஆகவே பின்னர் உள்ளே காணப்படும் ஈயம் ஏறக்குறைய அனைத்தும் அங்கேயே பிறந்ததாகும்.

நாழிகை வட்டிலை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மேல் வட்டிலிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகக் கீழ் வட்டிலில் விழுகின்றது. தொடக்கத்திற் கீழ் வட்டில் வெறுமையாய் இருந்திருப்பின், வட்டிலிற் கசிவும் இல்லையாயின், இரண்டிலுமுள்ள நீரை அளந்து சென்ற காலத்தைச் சொல்லிவிடலாம். சேர்க்கோனில் இத்தகைய வட்டில் ஒன்றன்று, இரண்டு உள. இங்கேதான் சமதானி என்னும் சொல் வேண்டப்படுகின்றது. ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் ஒரே திணிவுடையனவல்ல. நியூத்திரன்களின் தொகை வேறுபடத் திணிவும் வேறுபடும். ஆயினும் மூலக அட்டவணையில் அவற்றுக்கு ஓரிடமே. ஆதலின் பிரெடரிக் சொடி என்பார் 1913 இல் ‘சம இடம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை இவற்றுக்கு வழங்கினார். சமம், தானம் என்னும் இரண்டையும் இணைத்துச் ‘சமதானி’ என ஆக்கினார் நம் கலைச்சொல்லாளர். இவ்வளவு பொருத்தமாக அமைந்த மொழிபெயர்ப்புச் சொற்கள் சிலவே. யுரேனியத்தின் 238 என்னும் சமதானி பாதியாகத் தேய 446.8 கோடி ஆண்டு செல்லும். அது 206 என்னும் ஈயமாகும். 235 என்னும் சமதானி பாதியாகத் தேய 70.4 கோடி ஆண்டே. அது 207 என்னும் ஈயமாகும். வேகம் வேறான இரு வட்டில்களும் ஒரே விடையைத் தருமாயின் கசிவில்லை என்பது பெறப்படும். விடைகள் மாறுபடின் ஈயம் வெளியேறிவிட்டதென்று அறிந்துகொள்ளலாம். இவ்வொப்பீட்டை ஒரு வரைபில் அமைத்துக் காட்டியவர் ஜோர்ஜ் வெதரில்; ஆண்டு 1956.

சமதானிகளை வேறுபிரித்தறியாதவிடத்து நேரக்கூடிய வழுவுக்கு நம் நாட்டுக் கல்லொன்றே சான்று. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களைச் சிற்ப ஆராய்ச்சியாளராகவே நம்மவர் போற்றுவர். அவர் முதலிற் புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் தலைவராக இருந்தவர். தோரியனைற்று என்னும் கனிப்பொருள் 1904 இல் இங்கு வெளிப்பட்டது அவருடைய முயற்சியினாலேயாம். அமெரிக்க அறிஞர் பேட்டிரம் பொல்ற்வுட்டு 1907 இல் ஈயத்தைக் கொண்டு கனிப்பொருள்களின் வயதைக் கணித்தபோது இலங்கைத் தோரியனைற்றும் அவருடைய பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு அவர் கண்ட வயது 220 கோடி ஆண்டு. அது பெரிதும் மிகைக் கணக்கு. தோரியமும் தேய்ந்து ஈயமாகும் என்பதும், ஒவ்வொரு தாய்க்கும் ஒவ்வோர் ஈயச் சமதானி உண்டென்பதும் அக்காலத்தில் துணியப்படவில்லை. எல்லா ஈயத்தையும் யுரேனியத்தின் கணக்கில் வைத்தமையால் வயது பெருகிவிட்டது.

வட்டிலிற் கசிவு உண்டாவதும் உண்மையே. யுரேனியத்தின் கதிர்கள் தாம் குடியிருக்கும் பளிங்கையே நாளடைவிற் சிதைப்பன. இலங்கைச் சேர்க்கோன்களிற் பச்சை நிறமும் மங்கலும் உடையன பல இவ்வாறு உள்ளமைப்புக் குலைந்தவை. அவற்றின் அடர்த்தி நீரின் 4.7 மடங்கிலிருந்து 4 மடங்கு வரை இறங்கியிருக்கும். இதனை 1955 இல் ஹொலண்டு, கொட்பிரீடு என்னும் இருவர் இலங்கை மணிகளைக் கொண்டே நிறுவினர். குலைந்த மணி ஈயத்தைக் கசியவிடும். எனவே ஒரு மணியின் எப்பகுதி குலையாதது என்று பார்த்து, அப்பகுதியை மாத்திரம் ஆராயும் வழி வேண்டியதாயிற்று. அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கொம்ஸ்ரன் தலைமையில் ஆக்கப்பட்டு 1980 ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கிய பெரிய திணிவு நிறமாலைமானி இக்குறையைத் தீர்த்தது. ஒட்சிசன் அயன்களின் கற்றையொன்றை மணியின்மேற் பாய்ச்சி, மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்கு அளவான புள்ளியிலிருந்து பெயரும் அணுக்களைத் திணிவுவாரியாகப் பிரித்து எண்ணுவது அது. ஒரு மணியின் நடுவுக்கு ஒரு வயதும் விளிம்புக்கு வேறொரு வயதும் காண்பது இதனால் இயல்வதாயிற்று.

நம் நாட்டவர் பெரும்பாலும் அறியாத செய்தி ஒன்றை இங்கே சொல்லவேண்டும். இப்பொறி தானாக வயதைச் சொல்லாது. வயது திட்டமாகத் தெரிந்த, உள்ளெங்கும் ஒரே தன்மைத்தான சேர்க்கோன் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதனோடு ஒப்பிட்டே அளத்தல் வேண்டும். துணிக்கடைக்காரன் கைக்கோல் போன்றது அம்மணி. அவ்வாறு கைக்கோலாக உதவியவை பல இலங்கை மண்ணிலிருந்து சென்ற இரத்தினங்கள். கான்பெறாவில் வழங்கிய ஒன்றன் வயது 57.2 கோடி ஆண்டு. பேர்த்து நகரத்துக் கேர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வழங்கிய மற்றொன்றன் வயது 56.4 கோடி ஆண்டு. பெரிய பளிங்காகவும் உள்ளே சீராகவும் கிடைத்தலின் நம் மணிகள் இப்பெருமையைப் பெற்றன. அவற்றைத் தோண்டியெடுத்த கூலியாளும் விற்ற வியாபாரியும் அவை மோதிரத்தில் ஏறும் என்றே எண்ணியிருப்பர்.

பேர்த்து நகரத்துக் கைக்கோலைக் கொண்டு அளக்கப்பட்டதே இதுவரை புவியிற் கண்ட மிகப் பழைய துணுக்கு. மேற்கு அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் ஜக் குன்றுகள் என ஒரு தொடர் உண்டு. அங்கே கூழாங்கற்கள் ஒன்றாய் இறுகி ஆன பாறையொன்று இருக்கின்றது. அப்பாறை படிந்தது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுக்கு முன்னர். ஆயின் அதற்குள் அடைபட்ட சேர்க்கோன்கள் அதனினும் மிகப் பழையன. வேறெங்கோ இருந்து அழிந்துபோன மலைகளிலிருந்து ஆறு அள்ளிக் கொணர்ந்தவை. அக்குன்றுகளுக்குத் தென்மேற்கிலுள்ள நறியர் மலையில் 410 கோடிக்கு மேற்பட்ட மணிகள் கிடைத்தன என்று 1983 இல் அறிவிக்கப்பட்டது. 2001 இல் சைமன் வைல்டு, ஜோன் வலி முதலியோர் ஜக் குன்று மணியொன்றன் ஒரு பகுதிக்கு 440.4 கோடி ஆண்டு எனக் கண்டனர். ஈய அணுக்கள் மணிக்குள்ளேயே இடம்பெயர்ந்து பொய்வயது காட்டுகின்றனவோ என்னும் ஐயம் பின்னர் எழுந்தது. 2014 இல் வலி குழுவினர் அத்தகைய மணியொன்றில் அணுக்களை ஒவ்வொன்றாக இடங்குறித்துப் பார்த்து, பெயர்ச்சி மிகக் குறுகிய எல்லைக்குள்ளேயே அடங்குவது என்றும் 437.4 கோடி என்னும் வயது மெய்யென்றும் காட்டினர். தாய்ப்பாறை ஒரு துண்டுதானும் எஞ்சவில்லை. மணி மாத்திரம் எஞ்சியது. நூல் முழுதும் அழிந்துபோக, உரையாசிரியர் எடுத்தாண்ட மேற்கோள் மாத்திரம் எஞ்சி நிற்கும் நம் இலக்கியங்களை இது நினைவூட்டுகின்றது.

இதுவரை சொன்னது ஏட்டின் காலம். மணி எப்போது இறுகியது என்பதையே யுரேனியமும் ஈயமும் சொல்லும். அது இறுகிய குழம்பின் பொருள் மென்மூடியை விட்டு எப்போது பிரிந்தது என்பதைச் சொல்வது ஹாபினியம் என்னும் வேறொரு மூலகம். கொப்பன்ஹேகன் நகரத்தில் 1923 இல் கொஸ்டர், ஹெவெசி என்னும் இருவர் சேர்க்கோனினுள்ளேயே அதனைக் கண்டெடுத்து, அந்நகரத்தின் இலத்தீன் பெயரையே அதற்கு இட்டனர். சேர்க்கோனியத்தோடு உருவிலும் குணத்திலும் இரட்டைப் பிள்ளைபோல் ஒத்திருத்தலின் எச்சேர்க்கோனிலும் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவில் அது கலந்திருக்கும். அதன் 176 என்னும் சமதானி, லுத்தீசியம் என்னும் அரிய மூலகம் தேய்வதனாற் பெருகுவது. அத்தேய்வோ மிக மெதுவானது. பாதியாக 3,700 கோடி ஆண்டு வேண்டும், புவியின் வயதைப்போல எட்டு மடங்கு.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பிள்ளை பிரிந்து தனிக்குடி போகின்றான். அவன் காசைப் பெரும்பங்கு கொண்டுபோகின்றான்; காய்க்கும் தென்னைகளிற் பெரும்பங்கு தாய்வீட்டில் நிற்கின்றது. ஆண்டு செல்லச் செல்லத் தாய்வீட்டின் காசுக்கணக்கு விரைந்து ஏறும். பிள்ளையின் கணக்கு மெல்ல ஏறும். இருவர் கணக்கும் எவ்வளவு விலகியுள்ளன என்று பார்த்துப் பிரிந்த ஆண்டைச் சொல்லிவிடலாம். மென்மூடி தாய்வீடு; கண்ட ஓடு பிரிந்த பிள்ளை; லுத்தீசியம் தென்னை; ஹாபினியம் காசு. மென்மூடி உருகும்போது ஹாபினியம் குழம்போடு பெரிதும் போய்விடும்; லுத்தீசியம் ஒப்புநோக்கிற் பின்தங்கும். சேர்க்கோனுக்குள் ஹாபினியம் மிகுதி, லுத்தீசியம் அற்பம். ஆகவே அது பிறந்தபொழுது இருந்த கணக்கு அதற்குள் ஏறக்குறைய மாறாமல் நிற்கும்; எழுதி முத்திரையிட்ட பேரேடு என்றே சொல்லலாம். விலகலோ மிக நுண்ணியது, தசமத்தின் மூன்றாம் நான்காம் தானங்களிலேயே தோன்றுவது. ஆயினும் இன்றைய கருவிகள் அதனைத் தவறாது அளப்பன.

மணியின் வயதும் பிரிவின் வயதும் ஒன்றாயின், பொருள் அப்போதுதான் மென்மூடியிலிருந்து புதிதாக வந்தது. பிரிவின் வயது மிகப் பழையதாயின், பழைய ஓடு மீண்டும் உருகியது. இவ்வளவிற் கதை முடிந்திருந்தால் எளிதாயிருக்கும். ஆனால் 300 கோடி வயதான பழம்பொருளும் 100 கோடி வயதான புதுப்பொருளும் ஒரு குழம்பிற் கலந்துவிட்டால், கணக்குப் பார்ப்பவர்க்கு 200 கோடி என்னும் விடை வரக்கூடும். அந்த 200 கோடியாம் ஆண்டில் எங்கும் எதுவும் நிகழ்ந்திராது! இரு புலவர் பாடல்களை ஒரே கட்டிற் கலந்து எழுதிவிட்ட ஏட்டின் நடையைப் பார்த்து, இடைக்காலத்துப் புலவர் ஒருவரைக் கற்பித்துக்கொள்வது போன்ற மயக்கம் இது. சில ஆராய்ச்சிகள் இவ்வாறு பிறந்த வயதுகளை மெய்ந்நிகழ்ச்சிகளாகக் கொண்டு வரைபு வரைந்தமை வருந்தற்குரியது.

இம்மயக்கத்தை ஓரளவு தெளிவிப்பது மூன்றாஞ் சான்றாகிய ஒட்சிசன். அதன் சமதானிகளுள் 18 கனத்தது, 16 இலேசானது. மென்மூடியிலிருந்து நேரே வந்த குழம்பிற் பிறந்த சேர்க்கோனில், கடல்நீரை அளவுகோலாக வைத்துப் பார்க்க, கனத்த ஒட்சிசன் ஆயிரத்துக்கு 5.3 அளவில் மிகுந்திருக்கும். நில மேற்பரப்பில் மழைநீர்பட்டு உக்கிக் களிமண்ணான பொருளிற் கனத்த ஒட்சிசன் இன்னும் மிகும். அது புதைந்து உருகிக் குழம்பிற் கலந்தால் அதிற் பிறக்கும் சேர்க்கோனிலும் அம்மிகுதி தோன்றும். ஆகவே 5.3 ஐ ஒட்டிய மணிகளின் ஹாபினியக் கணக்கையே பெரிதும் நம்பலாம். ஏனையவற்றைக் கலப்பென்று ஐயுறுதல் வேண்டும். ஜக் குன்று மணிகள் சிலவற்றில் இவ்வளவு 5.3 ஐ விஞ்சி நின்றமை 2001 இல் அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது. 430 கோடி ஆண்டுக்கு முன்னரே இப்புவியில் நீர் திரவமாய் இருந்து நிலத்தை உக்கச்செய்தது என்பதே அதன் பொருள். அக்காலப் புவி முழுவதும் கொதிக்கும் குழம்புக் கடல் என்றிருந்த பழைய எண்ணம் இதனால் நிலைகுலைந்தது.

அம்மணிகளின் ஹாபினியம் பற்றிய வழக்கும் நினைக்கத்தக்கது. 2005 இல் வெளிவந்த அளவைகள் மிகச் சிதறியிருந்தன; அவற்றிலிருந்து 440 கோடி ஆண்டுக்கு முன்னரே பெருங்கண்டங்கள் இருந்தன என்று முடிபு கூறப்பட்டது. 2010 இல் அந்தனி கெம்பு முதலியோர் ஈயத்தையும் ஹாபினியத்தையும் ஒரே புள்ளியில் ஒரே வேளையில் அளந்தனர். சிதறல் பெரிதும் மறைந்தது. மணியின் ஒரு வளையத்திலிருந்து வயதையும் வேறொரு வளையத்திலிருந்து ஹாபினியத்தையும் எடுத்தமையே முன்னைய சிதறலுக்குப் பெருங்காரணம் என்பது தெளிவாயிற்று. எஞ்சியது ஒரு நேர்வரிசை. மிக முற்காலத்திற் பிரிந்த கரும்பாறை ஓடொன்று கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப உருகிவந்தது என்பதே அவ்வரிசை காட்டுவது. பெருங்கண்டம் என்று சொல்ல அதில் இடமில்லை.

இனி வளர்ச்சி பற்றிய பெரிய வினா. 1969 இல் ஹேர்லி, ராண்டு என்போர் இன்றுள்ள நிலப்பகுதிகளின் வயதைத் தொகுத்துக் கண்டங்கள் காலம் செல்லச் செல்ல விரைந்து வளர்ந்தன என்றனர். ரிச்சட்டு ஆம்ஸ்ரோங்கு அதனை முற்றாக மறுத்தார். கண்ட ஓடு மிக முற்காலத்திலேயே இன்றைய அளவை எட்டிவிட்டது. அன்று தொட்டுப் புதிதாய்ப் பிறப்பதும் அகழிகளிற் புதைந்து அழிவதும் சமனாய் நிற்கின்றன. பழைய நிலம் அரிதாய் இருப்பது பிறவாமையாலன்று, அழிந்தமையால் என்பது அவர் வாதம். 1981 இலும் அவர் இதனையே வலியுறுத்தினார், கேட்டோர் சிலரே.

மிசிசிப்பி, அமேசன் போன்ற பேராறுகளின் மணலையும் பழைய மணற்கற்களையும் சலித்து இலட்சக்கணக்கான சேர்க்கோன்களுக்கு வயது கண்டபோது ஒரு புதுமை தோன்றியது. வயதுகள் சீராகப் பரந்திருக்கவில்லை. 270 கோடி, 190 கோடி, 100 கோடி, 60 கோடி ஆண்டுகளை ஒட்டி அவை குவியல் குவியலாய் நின்றன. அக்காலங்களிற் கண்டங்கள் திடீரென வளர்ந்தன என்று பலர் கூறினர். ஆயின் அக்குவியல்கள் நிலங்கள் யாவும் மோதி ஒன்றுகூடிய காலங்களோடு பொருந்துவன. கிறிஸ் ஹோக்ஸ்வர்த்து, பீற்றர் கவுட்டு முதலியோர் கூறும் விளக்கம் சுவடி பயின்றார்க்கு எளிதில் உடன்பாடாகும். ஒரு மடத்தில் ஒரு நூற்றாண்டின் ஏடுகள் ஆயிரம் இருக்கின்றன, அதற்கு முந்திய நூற்றாண்டின் ஏடுகள் பத்தே இருக்கின்றன என்றால், முந்திய நூற்றாண்டிற் புலவர் இலர் என்பது பொருளன்று. பிந்திய நூற்றாண்டில் மடம் தோன்றிற்று, ஏடுகளைப் பேணிற்று என்பதே பொருள். கண்டங்கள் மோதும்போது இடையிற் பிறந்த பாறைகள் நடுவே சிக்கிக் காப்புறுகின்றன. மற்றைக் காலங்களிற் பிறந்தவை கடல் அகழிகளில் அழிந்தொழிகின்றன. குவியல் என்பது பிறப்பின் கணக்கன்று, பிழைப்பின் கணக்கு.

2012 இல் புரூணோ டூயிம், ஹோக்ஸ்வர்த்து முதலியோர் ஹாபினியத்தையும் ஒட்சிசனையும் சேர்த்துப் பார்த்து, எக்காலத்திற் புதுப்பொருள் எத்துணை, மறுபடி உருகியது எத்துணை எனப் பகுத்தனர். அவர் முடிபின்படி இன்றைய கண்ட ஓட்டின் அளவில் நூற்றுக்கு 65 பங்கு 300 கோடி ஆண்டுக்கு முன்னரே உண்டாகிவிட்டது. அதுவரை ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கன கிலோமீற்றராக இருந்த நிகர வளர்ச்சி அதன்பின் 0.8 ஆகக் குறைந்தது. ஓடு பாளம் பாளமாகப் பிளந்து அகழிகளிற் புதையும் இயக்கம் அக்காலத்தளவில் வலுப்பெற்றது. புதையும் ஓடு பழைய நிலத்தையும் உடன் கொண்டுபோனமையால் அழிவு மிகுந்தது என்பது அவர் கருத்து. ஆம்ஸ்ரோங்கு முழுவதும் சரியெனப்படவில்லை. அவர் சுட்டிய அழிவு மாத்திரம் மெய்யாயிற்று.

எனக்கு இவ்வாராய்ச்சியில் ஒரு குறை தோன்றுகின்றது. துறைபோய அறிஞரும் இதனை மறுப்பதில்லை. கரும்பாறையிற் சேர்க்கோன் பிறப்பது அரிது. சிலிக்கா மிகுந்த கருங்கல் வகையிலேயே மிகுதியாய்ப் பிறக்கும். முற்காலக் கண்டங்கள் கருமை மிக்க பாறையால் ஆனவையாயின் அவற்றின் பெரும்பகுதி ஒரு மணியும் விட்டுச்செல்லாமலே மறைந்திருக்கும். எழுதப்படாமல் வாய்மொழியாக வழங்கி மறைந்த நாட்டுப்பாடல்களை எந்த ஏட்டின் கணக்கிலும் காணவியலாது அன்றோ?

இறுதியாக நம் நாட்டின் நிலம். வடக்கே யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்துக் கடலிற் படிந்தது. இங்கே பேசப்படும் கால அளவில் அது நேற்றையது. அதன் கீழும் தீவின் பெரும்பகுதியிலும் இருப்பவை பழைய உருமாறிய பாறைகள். தென்மேற்கிலிருந்து மலைநாட்டின் ஊடாகத் திருகோணமலை நோக்கிச் செல்வது ஒரு பாறைத்தொகுதி. அதற்கு மேற்கிலும் வடமேற்கிலும் வன்னித் தொகுதி. கிழக்கே விஜயன் தொகுதி. மூன்றும் 61 கோடிக்கும் 55 கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், கொண்டுவானா என்னும் பெருநிலம் ஒன்றுகூடியபோது, ஆழத்தில் வெந்து உருமாறின. ஏட்டின் காலம் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. 1988 இல் மிலிசெண்டா முதலிய ஜேர்மானிய ஆராய்ச்சியாளர் பொருளின் காலத்தை ஆராய்ந்தனர். அவர் கையாண்டவை சமாரியம், நியோதிமியம் என்னும் வேறு இரு மூலகங்களாயினும் தருக்கம் மேலே சொன்னதே. மலைநாட்டுப் பாறைகளின் பொருள் மென்மூடியை விட்டுப் பிரிந்து 220 முதல் 300 கோடி ஆண்டு. இருபக்கத்துத் தொகுதிகளுக்கோ 100 முதல் 200 கோடியே. கண்ணுக்கு ஒன்றுபோற் தோன்றும் நைசுப் பாறைகள், வெவ்வேறு காலத்திற் பிறந்து பின் ஒட்டிக்கொண்ட நிலத்துண்டுகள் என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

2008 இல் நஸ்டலா முதலியோர் இலங்கை இரத்தினம் ஒன்றைப் புதிய கைக்கோலாக அறிவித்தனர். தீட்டிய நிலையில் 25.7 கரட்டு நிறையுள்ள பழுதற்ற சேர்க்கோன் அது. அதனிடம் மூன்று சான்றுகளையும் கேட்கலாம். ஈயம் சொல்லும் வயது 56.1 கோடி ஆண்டு. விண்கற்களை அளவாகக் கொண்டு கணக்கிட்டால் அக்காலத்து ஹாபினிய விகிதம் 0.2824 ஆக இருத்தல் வேண்டும். மணியில் உள்ளதோ 0.2815. பிரிவு ஏறத்தாழ 300 கோடி ஆண்டுக்கு முன்னரோ அதனினும் முன்னரோ நிகழ்ந்தாலன்றி இவ்வளவு விலகல் வாராது. ஒட்சிசன் 5.3 அன்று, ஏறக்குறைய 14. எனவே அப்பழம்பொருள் ஒருகால் வெளியே கிடந்து மழையும் நீரும் பட்ட அடையலோடு கலந்திருத்தல் வேண்டும். மேலே சொன்ன விதிப்படி அந்த 300 கோடியையும் கலப்பின் கணக்காகவே கொள்ளல் வேண்டும். மணியை அறுத்துப் பல துண்டுகளாக்கிப் பல நாட்டு ஆராய்ச்சிக்கூடங்களுக்கும் பகிர்ந்தளித்துள்ளனர்.